புள்ளி நின்ற இடம்

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை, இரவு வேலை முடித்து வந்த அர்ச்சுனன் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போய், மாசாய்க்கு அந்தப் பக்கம் சாலையோர லோங்காங்கில் விழுந்தான். விழுந்தவன் மூன்று மணி நேரம் அந்தச் சாக்கடைத் தண்ணீரில் கிடந்தான். புல் வெட்ட வந்த வங்காளதேசத்துக்காரர் ஒருவர் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்ததால் பிழைத்தான். தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு போயிற்று. அந்த மூன்று மணி நேரமும் அவன் மனைவி பிரேமலா உலு திராமில் தங்கள் தாமான் குடியிருப்பு முனையில் குடையை விரித்து நாசி லெமாக் சோறு விற்றுக்கொண்டிருந்தாள். மனுஷன் எங்கேயோ நின்று தே தாரேக் குடித்துக்கொண்டு கதையளக்கிறார் என்று வாயில் வந்தபடி திட்டிக்கொண்டும் இருந்தாள். அந்தத் திட்டுதான் பிறகு அவளைத் தூங்கவிடவில்லை.

தோள் கூடியதும் அவள் செய்த முதல் வேலை, மோட்டாரைத் தள்ளிக்கொண்டு போய் மெக்கானிக் தீபன் கடையில் விட்டதுதான். சீட்டுக்கு அடியில், பேட்டரி வயரோடு சேர்த்து, தீப்பெட்டி அளவில் ஒரு டிராக்கரைப் பூட்டச் சொன்னாள். மோட்டார் எங்கே போனாலும் அவள் போனில் ஒரு புள்ளியாகத் தெரியும். ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு.

"மாட்டுக்கு மணி கட்டுற மாதிரி கட்டுறியா எனக்கு?" என்றான் அர்ச்சுனன்.

"மாடு வழி தெரிஞ்சி வீட்டுக்கு வந்துருது. நீங்க லோங்காங்குக்குல்ல போறீங்க."

"போன்லயே பாக்கலாமே. எல்லாரும் அப்பிடித்தான பாக்குறாங்க."

"ஒங்க போனு எங்க இருக்கு? ஜாகா கொட்டாய் பெட்டியில பூட்டிக் கெடக்கு. அத வச்சி நான் என்னா பண்ண?"

அது உண்மைதான். அர்ச்சுனனுக்குப் பாசிர் கூடாங்கில் ஒரு எண்ணெய்த் தொழிற்சாலையில் குத்தகைக்காரனிடம் சாரம் கட்டும் வேலை. எண்ணெய் ஆவி இருக்கும் இடத்தில் போன் கூடாது. கேட்டில் காவலுக்கு இருக்கும் ஜாகாவே வாங்கி ஒரு இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார். பன்னிரண்டு மணி நேரம் கழித்து வெளியே வரும்போதுதான் திரும்பக் கையில் கிடைக்கும். உள்ளே போன மனுஷன் இருக்கிறானா இல்லையா என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரிய வழியில்லை.

புள்ளி வந்த பிறகு அந்தக் கவலை இல்லாமல் போயிற்று. காலை ஏழேகாலுக்குப் புள்ளி கிளம்பினால் எட்டு மணிக்கு ஆள் வீட்டில். புள்ளி தொழிற்சாலைக் கொட்டகையிலேயே சிவப்பாக நின்றால், பகல் ஆள் வரவில்லை, ஓவர்டைம் என்று அர்த்தம். முதலில் சில நாள் போனை வாங்கி, "ஓவர்டைம்" என்று ஒரு வார்த்தை அனுப்பிக்கொண்டிருந்தான். பிறகு அதையும் விட்டுவிட்டான். "அதான் புள்ளி சொல்லுதே" என்பான். வசதியான ஏற்பாடு. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் பேச்சு மிச்சம்.

அந்த வியாழக்கிழமை மழை விடியும் முன்பே பிடித்துக்கொண்டது. டிசம்பர் மாத மழை, நின்று பெய்யும் மழை. பிரேமலா அறுபது பொட்டலம் நாசி லெமாக்கும் நாற்பது இட்லியும் கொண்டுவந்து குடைக்குக் கீழே அடுக்கி வைத்திருந்தாள். பாசிர் கூடாங் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்கள் பஸ் நிறுத்தத்தின் கூரையை விட்டு வருவதாயில்லை. ஒருத்தி மட்டும் பையைத் தலையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அக்கா, ரெண்டு நாசி லெமாக். சம்பல் கூட வைங்கக்கா, நேத்து ஒரைப்பே இல்ல."

"ஒரைப்பு வேணும்னா எங்கிட்ட ரெண்டு நிமிசம் பேசிட்டுப் போ. பொட்டலத்துல எதுக்கு?"

"இன்னிக்கு மழையில யாரும் வரமாட்டாங்கக்கா. கடைய எடுங்க."

"எங்க வீட்டுக்காரர் வர்ற நேரம். வந்தா மேசைய மடக்கித் தூக்கிருவாரு. அதுவரைக்கும் நிப்போம்."

போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தாள். ஏழு பதினாலுக்குப் புள்ளி பச்சையாகித் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பியது. நடுவில் நெடுஞ்சாலைப் பாலத்துக்குக் கீழே பத்து நிமிடம் சிவப்பாக நின்றது. மழைக்கு ஒதுங்கி, மோட்டார்க்காரர்கள் எல்லாரும் வரிசையாக நிற்கும் இடம் அது. சரி, புத்தி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். மறுபடி கிளம்பியது. எட்டு ஐந்துக்கு உலு திராம் சமிக்ஞை விளக்கு. இட்லிப் பானையை மூடிவிட்டு, பிளாஸ்கில் இருந்த காப்பியைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தாள்.

புள்ளி தாமானுக்குத் திரும்பவில்லை. கோத்தா திங்கி சாலையில் நேராகப் போயிற்று.

எண்ணெய் போடப் போகிறார் என்று நினைத்தாள். எண்ணெய்க் கடையைத் தாண்டியது. காற்று அடிக்கப் போகிறார் என்று நினைத்தாள். தீபன் கடையையும் தாண்டியது. அவள் நின்றிருந்த இடத்திலிருந்து அரை மைல்கூட இருக்காது அந்தச் சாலை. கிண்ணத்துக் காப்பியில் மழைத்துளி விழுந்துகொண்டிருந்தது. அவள் மேசையைத் தானே மடக்கி, மிச்சப் பொட்டலங்களையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு நனைந்தபடி வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் பானை கழுவிக்கொண்டே பார்த்தாள். புள்ளி கோத்தா திங்கியைத் தொட்டது. அப்போதுதான் அவளுக்குத் தேன்மொழி ஞாபகம் வந்தது.

தேன்மொழி தொழிற்சாலை கேன்டீனில் சமைப்பவள். புருஷனை விட்டு வந்தவள். வீடு கோத்தா திங்கிப் பக்கம். இவையெல்லாம் அர்ச்சுனன் சொல்லித்தான் பிரேமலாவுக்குத் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன்னால் சோற்றைப் பிசைந்துகொண்டே, "கேன்டீன்ல தேன்மொழின்னு ஒரு பொம்பள வந்திருக்கு, கருவாட்டுச் சம்பல் வச்சா விரலையும் சேத்துத் திங்கலாம்" என்றான். பதினெட்டு வருடம் இவள் இடித்து அரைத்துக் கொட்டிய சம்பலை ஒரு நாளும் நன்றாக இருக்கிறது என்று அந்த வாய் சொன்னதில்லை. அன்றைக்கு அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் வைத்துக்கொண்டாள்.

ஒன்பது மணிக்கு மறுபடி பார்த்தாள். கோத்தா திங்கிக்கு அப்பால், குளுவாங் போகும் சாலையில், புள்ளி சிவப்பாகி நின்றிருந்தது. படத்தில் ஒரு கோடும் ஒரு சிவப்புப் புள்ளியும்தான். போன் போட்டாள். அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். மூன்றாவது தடவையும் எடுக்கவில்லை. ஓடும்போது எடுக்க மாட்டான், அது அவள் போட்ட சட்டம். இப்போதுதான் நின்றாயிற்றே, எடுக்க என்ன கேடு? எடுக்க முடியாத இடத்தில் இருக்கிறார் என்று முடிவு கட்டினாள்.

விழுந்திருப்பாரோ என்று ஒரு தரம் தோன்றத்தான் செய்தது. உடனே அதைத் தள்ளிவிட்டாள். விழுகிற மனுஷன் வீட்டைத் தாண்டி ஐம்பது கிலோமீட்டர் போயா விழுவார்?

முன்கதவைச் சாத்திவிட்டு, ஈரப் பாவாடையோடு சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாள். பொட்டலங்கள் எதிரே கிடந்தன. ஒன்றைப் பிரித்துச் சம்பலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. அழுகை வந்தது. அழுதாள். அழுது முடித்து, அவர் வந்ததும் என்னென்ன கேட்பது என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். மழை கூரைத் தகட்டில் ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருந்தது. நேரம் போனது தெரியவில்லை என்று அவள் சொல்ல முடியாது. சுவர்க் கடிகாரம் எதிரேதான் தொங்கிக்கொண்டிருந்தது.

பத்தரைக்கு அடுத்த வீட்டு காதர் பீவி பின்கதவைத் தட்டினார். தையல் வேலை செய்பவர். தைத்த துணிகளைக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போட ஒரு பழைய கன்சில் கார் வைத்திருந்தார்.

"என்னா பிரேமா, மொகமெல்லாம் வீங்கிக் கெடக்கு? மழையில கடை படுத்துருச்சா?"

"கடை படுத்தா பரவால்லக்கா." போனை நீட்டினாள். "பாருங்க. எங்க வீட்டுக்காரர் எங்க போயி நிக்கிறாருன்னு பாருங்க. எவ வீடோ."

காதர் பீவி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இது என்னா வெறும் கோடா இருக்கு. இந்தப் படத்த மாத்தி வச்சிப் பாக்கலாம் தெரியுமா? மேலேருந்து எடுத்த படம். எம்மவ ஷஹீரா சொல்லிக் குடுத்தா. வீட்டுக் கூரையெல்லாம் தெரியும். எவ வீடுன்னு பாத்துருவோம், இரு."

விரலால் எதையோ அழுத்தினார். கோடும் வெள்ளையும் போய்ப் பச்சை வந்தது. இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். செம்பனை. மேலே, கீழே, இடது, வலது எல்லாம் செம்பனை மரத் தலைகள், பொட்டு வைத்த மாதிரி வரிசை வரிசையாக. நடுவில் சாலை. சாலை ஓரத்தில் புள்ளி. காதர் பீவி படத்தை நகர்த்திக்கொண்டே போனார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு கூரை இல்லை.

"பிரேமா, இங்க வீடே இல்லம்மா," என்றார்.

வீடு இல்லையென்றால் விழுந்துதான் கிடக்கிறார் என்று பிரேமலாவுக்குப் புரிந்தது. தொழிற்சாலை ஜாகாவின் எண் ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. காதர் பீவிதான் பேசினார். ஜாகா மோட்டார் நிறுத்தும் கொட்டகை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"மோட்டார் தாடா, காக். ஷிஃப்ட் மாலாம் செமுவா சுடா பாலிக்."

மோட்டார் இல்லை. இரவு வேலைக்காரர்கள் எல்லாரும் வீட்டுக்குப் போயாயிற்று. காதர் பீவி அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் பிரேமலா செருப்பை மாட்டிக்கொண்டு கார்ப் பக்கம் போய்விட்டாள்.

கன்சில் மழையில் எண்பதுக்கு மேல் போக மறுத்தது. வைப்பர் ஒரு பக்கம் மட்டும்தான் துடைத்தது. ஆயில் லோரிகள் தண்ணீரை வாரி அடித்துவிட்டுப் போயின.

"எத்தன மணிக்கு நின்னுச்சி பிரேமா?"

"இப்பத்தான் பாத்தேன்க்கா."

"இப்பன்னா?"

"கடைய எடுத்துட்டு, கழுவிட்டு... இப்பத்தான்."

காதர் பீவி அதற்கு மேல் கேட்கவில்லை. "டயர் பஞ்சராகி நின்னிருப்பாரு. நனைஞ்சி, போன் கெட்டிருக்கும். நீ வேணா பாரேன், போயி எறங்குனா நம்மளத்தான் ஏசுவாரு, இந்த மழையில எதுக்கு வந்தீங்கன்னு."

"ஏசட்டும்க்கா. நல்லா ஏசட்டும்."

"எங்க வீட்டு மனுசன் சிங்கப்பூருக்கு மோட்டார்ல போயிட்டிருந்த காலத்துல, வாசல்ல சத்தம் கேக்குற வரைக்கும் சோறு எறங்காது எனக்கு. அப்ப ஏது புள்ளி? ஒங்களுக்கெல்லாம் பரவால்ல."

பரவாயில்லை என்ற அந்தச் சொல் அவளைக் குத்திக்கொண்டிருந்தது. ரெண்டாவது தடவை. அவர் தண்ணீரில் கிடக்க, நான் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தது இது ரெண்டாவது தடவை. முருகா, இந்த ஒரு தரம் விட்டுக்கொடு, தேன்மொழி வீட்டிலேயே அவர் இருந்திருந்தால்கூட நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று வேண்டிக்கொண்டாள். மனதார வேண்டிக்கொண்டாள்.

குளுவாங் சாலையில் ஆள் நடமாட்டம் இல்லை. போனில் இவர்கள் கார் ஒரு நீலப் புள்ளியாக ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சிவப்புப் புள்ளியின் மேல் ஏறியது. "நிறுத்துங்கக்கா" என்று பிரேமலா கத்தினாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சாலையோரத்து லாலாங் புல் ஓரிடத்தில் படுத்திருப்பது தெரிந்தது. சரிவுக்குக் கீழே, தோட்டத்து வடிகாலில், நீல நிற மோட்டார் சக்கரம் மேலே பார்க்கக் கிடந்தது. முன்கூடை நசுங்கியிருந்தது. நம்பர் தகட்டை அவள் படித்தாள். அவர்கள் மோட்டார்தான். பத்தடி தள்ளி மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஆள், இடுப்புக்குக் கீழே தண்ணீருக்குள், தலைக்கவசத்தோடு ஒருக்களித்துக் கிடந்தான். இடது கால் போகக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"என்னாங்க! என்னாங்க!"

சேற்றில் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினாள். தண்ணீரில் முட்டி போட்டு, அந்தத் தலையைத் தூக்கி மடியில் வைத்து, கவசத்தின் கண்ணாடியை மேலே தள்ளினாள்.

வேறு முகம்.

சின்ன வயது. முப்பத்தைந்து இருக்கும். மீசை இல்லை. அவள் பார்த்தே இராத முகம்.

"அவரு இல்ல!" என்று வீறிட்டாள். "பீவிக்கா, அவரு இல்லக்கா! எங்க வீட்டுக்காரர் இல்ல! இது யாரோ!" அவளுக்குச் சிரிப்பு வந்தது. மழைத் தண்ணீர் வாய்க்குள் போக, வாய்விட்டுச் சிரித்தாள். அப்படி ஒரு சந்தோஷம் அவள் கல்யாணத்தன்றுகூடப் பட்டதில்லை. மேலே சாலையில் காதர் பீவி இரண்டு கையையும் ஏந்தி, "அல்ஹம்துலில்லா" என்றார்.

"அக்கா," என்றது மடியில் இருந்த முகம். "தண்ணி."

அவன் கண் திறந்திருந்தது. அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் கிடந்தான். பிரேமலாவுக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. சிரித்த வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

காதர் பீவி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு, கிலோமீட்டர் கல்லைத் தேடிப் படித்துச் சொன்னார். காரிலிருந்து தண்ணீர்ப் புட்டியை உருட்டிவிட்டார். பிரேமலா மூடியில் ஊற்றி அவன் உதட்டில் வைத்தாள்.

"நீங்க யாரு தம்பி? இது எங்க வீட்டுக்காரர் மோட்டாராச்சே. அர்ச்சுனன். சாரம் கட்டுறவரு."

"எம் மோட்டாருக்கா." அவன் யோசித்தான். யோசிப்பதற்கே மூச்சு வாங்கியது. "அர்ச்சுனண்ணனா? அவரு உள்ள இருக்காரு. பகல் ஆள் வரல. மூணு மணி வரைக்கும் ஓவர்டைம்." பிறகு, "அலமாக்... அண்ணன் மோட்டாரா இது? சாவி உள்ள போச்சே. ஸ்டார்ட்டும் ஆச்சே."

பழைய மோட்டார்களில் இது நடப்பதுதான். பத்துப் பதினைந்து வருடம் திருகிச் சாவியின் பல் தேய்ந்துபோனால், அதே ரகத்து மோட்டார் எதையும் அது திறக்கும். தொழிற்சாலைக் கொட்டகையில் ஒரே நீலத்தில், ஒரே கூடையோடு, பத்து மோட்டாராவது வரிசையாக நிற்கும். பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்த கண்ணோடு, மழையில், மழைக்கோட்டுத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வருகிறவன் நம்பரா பார்ப்பான்? மாற்றி எடுத்துப் போனவன் மறுநாள் கொண்டுவந்து விடுவான். எல்லாரும் ஒரு பாட்டம் சிரிப்பார்கள். ஜாகாவும் மோட்டார் இல்லாததைப் பார்த்துத்தான் ஆளும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

"ஒங்க பேரு என்னா?"

"மனோகரன். லாபிஸ். ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா வீட்டுக்குப் போவேன். நாய் குறுக்க வந்துச்சிக்கா." கண்ணை மூடிக்கொண்டான். "எத்தன லோரி போச்சி... கத்துனேன். போன் தண்ணியில போயிருச்சி. மணி என்னாக்கா?"

"பதினொன்னே முக்கா."

"ரொம்ப நேரமாச்சி," என்றான். யாரையும் குறை சொல்லுகிற குரல் இல்லை அது. பிறகு மனைவியின் எண்ணை ஒவ்வொன்றாகச் சொன்னான். "ஷாமளா. பயப்படாம சொல்லுங்கக்கா."

பிரேமலா போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள் அந்தப் பெண்.

"நான் உலு திராம்லேருந்து பேசுறேன்மா. ஒங்க வீட்டுக்காரர்கூட வேல பாக்குற அர்ச்சுனன் சம்சாரம்."

"அவரு வந்துக்கிட்டு இருக்காருக்கா. மோட்டார்ல இருப்பாரு. நான் கூப்புடுறதில்லக்கா, கூப்புட்டா ஓட்டிக்கிட்டே எடுத்துருவாரு. மழை வேற, நின்னு நின்னு வருவாரு. சாயங்காலத்துக்குள்ள வந்துருவாரு. எதாச்சும் சொல்லணுமா?"

பின்னால் பிள்ளைகள் சண்டை போடும் சத்தமும் தாளிக்கும் சத்தமும் கேட்டன.

"அடுப்ப அணைச்சிட்டு ஒக்காரும்மா," என்றாள் பிரேமலா.

சாயங்காலம் நாலரை மணிக்கு அர்ச்சுனன் ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தான். கொட்டகையில் மிச்சம் நின்ற மனோகரனின் மோட்டாரில்தான் வந்தான். அவன் சாவி அதற்கும் சேர்ந்திருந்தது. பிரேமலா ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். மூக்கை அவன் தோளில் தேய்த்தாள். எண்ணெயும் வியர்வையும் கலந்த அந்த நாற்றத்தை ஒரு நாளும் அவள் இப்படி இழுத்து முகர்ந்ததில்லை.

"வெளிய வந்து பாத்தா ஒம்பது மிஸ்டு கால். பயந்துட்டேன்," என்றான். "ஒனக்கு ஒண்ணும் ஆவலியே? நீ எப்ப பாத்த?"

"பத்தரைக்கு," என்றாள். "கடையில கூட்டம்."

ஷாமளா தன் அண்ணனோடு காரில் வந்திருந்தாள். ஒல்லியான பெண். வீட்டு உடையோடு வந்துவிட்டாள், துப்பட்டா மட்டும் புதிது. டாக்டரிடம் பேசிவிட்டு வந்து பிரேமலா பக்கத்தில் உட்கார்ந்து, அவள் இரண்டு கையையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"கையெழுத்துப் போட்டுட்டேன்க்கா. முட்டிக்குக் கீழ எடுக்கணுமாம். ரத்த ஓட்டம் ரொம்ப நேரம் நின்னு போச்சாம்."

"வேற வழியே இல்லையாம்மா?" என்றான் அர்ச்சுனன்.

"ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்னாடி வந்திருந்தா பாத்திருக்கலாம்னாங்கண்ணே. உசுரு இருக்கே, அது போதும்." கண்ணைத் துடைத்தாள். "ஹைவேயில பெரிய லோரியா ஓடுது, அதுல வராதீங்கன்னு நாந்தான் அந்தக் காட்டு ரோட்டுல வரச் சொன்னேன். நாந்தான் போன் போடாம இருந்தேன். பொழுது சாயிற வரைக்கும் நான் தேடியே இருக்க மாட்டேன்க்கா. நீங்க மட்டும் பாக்கலேன்னா அவரு அங்கேயே போயிருப்பாரு. ஒங்களத்தான் சாமியா நெனச்சிக்கிட்டு இருக்கேன்."

பிரேமலா கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். ஷாமளா விடவில்லை.

"எந்த எடம்னு காட்டுங்களேன்க்கா. அந்த போன்ல தெரியுமாமே. எங்க விழுந்து கெடந்தாருன்னு நான் பாக்கணும்."

"அது எதுக்கும்மா இப்ப?" என்றாள் பிரேமலா. "சார்ஜு இல்ல."

"இருக்கே," என்றான் அர்ச்சுனன். அவள் பையிலிருந்து போனை எடுத்துத் திறந்து, வெள்ளை மனசோடு ஷாமளாவிடம் நீட்டினான். "இதாம்மா. நீலக்கோடு முழுக்க அவரு வந்த வழி. இந்தச் சிவப்ப அமுக்கு, நின்ன நேரம்கூட வரும்."

ஷாமளா அமுக்கினாள். உதட்டை அசைத்துப் படித்தாள். "எட்டு அம்பத்திரண்டு." விரலை அதன் மேலேயே வைத்துக்கொண்டாள். "எட்டு அம்பத்திரண்டுக்கு நான் புள்ளைங்களுக்குத் தோசை ஊத்திக்கிட்டு இருந்தேன். பதினொன்னே முக்காலுக்கு நீங்க கூப்புட்டீங்க."

"அவ பத்தரைக்குத்தான் பாத்தாளாம்மா," என்றான் அர்ச்சுனன். "கடையில கூட்டம்."

பிரேமலா அந்தப் பெண்ணின் மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அவளைக் கேட்க ஆளில்லை. சாகும்வரை லாபிஸில் ஒரு வீட்டில் அவள் பெயரைச் சொல்லி விளக்கேற்றுவார்கள்.

"கூட்டமே இல்ல," என்றாள். "மழை. ஒம்பது மணிக்கே பாத்துட்டேன் தங்கச்சி. புள்ளி எங்க வீட்டத் தாண்டிப் போறதயும் பாத்தேன், அங்க போயி நிக்கிறதயும் பாத்தேன். இவருன்னுதான் நெனச்சேன். தேன்மொழி வீட்டுக்குப் போயிட்டாருன்னு கதவச் சாத்திக்கிட்டு ஒக்காந்திருந்தேன். ஒன்றரை மணி நேரம். சும்மா ஒக்காந்திருந்தேன்."

அர்ச்சுனன் அவளையே பார்த்தான்.

"எந்தத் தேன்மொழி?" என்றான்.

ஷாமளா தன் மடியில் இருந்த கைகளை ஒவ்வொன்றாக எடுத்து பிரேமலாவின் மடியில் வைத்தாள். போனை அர்ச்சுனனிடம் கொடுத்தாள். பிறகு எழுந்து, எதிர்ச்சுவரோரம் அவள் அண்ணன் உட்கார்ந்திருந்த வரிசைக்குப் போய், அவனுக்கு அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.